அடியில் ஓட்டை இல்லாத பெட்டி

சீட்டுக்கு அடியில் பெட்டி வைப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள் என்றால், ஆள் மாறிப்போச்சு தம்பிகளே. தகரம் மடக்க உங்களிடம் மெஷின் இருக்கிறது. எங்களிடம் ஒரு மரச் சுத்தியலும் அடிபட்டு நீலம் பாய்ந்த ஒரு கட்டைவிரலும் இருந்தன. குறைந்த செலவில் பிக்கப் வண்டிக்குப் பெட்டி செய்வது எப்படி என்று செல்போனைத் தட்டினால் யாரோ ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு செய்து காட்டுகிறான். அவன் அளவுக்குக்கூட எனக்குச் சொல்லித்தர வராது. ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் இதுவரை செய்த பெட்டிகளிலேயே மிக நேர்த்தியான பெட்டி, ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

என் சீட் ஒர்க்‌ஷாப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். எல்லைக்காரர்களின் மரியாதையும் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் ஒரு சாமானுக்கு விலை ஏறினால், மறுநாள் அது அந்தப் பக்கத்திலிருந்து தானாக நடந்து வந்துவிடும். எப்படி வந்தது என்று யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்பது குடும்பத்தில் பிறந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இந்த மரியாதையில் ஊறியவர். அவர் சொல்வார்: “பெட்டி கேட்டு வாறவன்கிட்ட நீளம் கேளு, அகலம் கேளு, பூட்டு வெளிய தெரியணுமா எண்ணு கேளு. உள்ள என்னத்த வைப்பான் எண்ணு மட்டும் கேக்காத மக்கா. அது அவன் பாடு.” முப்பது வருஷத்துக்கு மேல் நான் அதை வேதவாக்காக எடுத்து நடந்தேன். ஒருவர், கண்ணுக்கே தெரியாத ரகசிய அறை வேண்டும் என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தார். செய்து கொடுத்தேன். மறுநாள் மூன்று கூட்டாளிகளைக் கூட்டி வந்து, “இந்தா, இங்ஙனதான் இருக்கு, கண்டுபிடியுங்க பாப்போம்” என்று என் கடை வாசலிலேயே வைத்துப் போட்டி நடத்தினார். அப்போதுகூட நான் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன் இல்லையா!

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் பெயர் சேசடிமை. பொழியூர்ப் பக்கம் கடற்கரைக்காரர். விடிகாலையில் கரையில் மீன் ஏற்றி, காரக்கோணம் வழியாக ஆரியங்கோடு வரைக்கும் மலைப்பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். பக்கத்தில் அவர் மனைவி புஷ்பம். அவர் வண்டி ஓட்டுவார், இவர் மீன் விற்பார். பேச்சும் இவர்தான்.

“அண்ணா, இந்த ரெண்டாவது சீட்டுக்க அடியில ஒரு பெட்டி வேணும். பூட்டு வெளிய தெரியப்பிடாது. வெள்ளம் ஒரு சொட்டு கேறப்பிடாது. செலவு கொறச்சு செய்து தாருங்க” என்றார் புஷ்பம்.

மீன் வண்டி. தினமும் ஒரே பாதை. நாற்றத்துக்குப் பயந்து யாரும் நிறுத்திச் சோதிக்காத வண்டி. அதில் பூட்டுத் தெரியாத பெட்டி! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு புத்திசாலி நான்.

“எனக்கு மனசிலாச்சு. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றேன்.

“மனசிலானா செரி” என்று அவரும் தலையாட்டினார். சேசடிமை சிரித்தபடி டீ குடிக்கப் போனார். எவ்வளவு நல்ல மனிதர்கள், சொல்லாமலே காரியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செலவு குறைக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் நகைக்கடைப் பலகைகளை மாற்றும்போது பழைய தகரத்தை எடைக்கு வாங்கிவிடுவேன். மழையிலும் வெயிலிலும் நின்று பழகிய நல்ல தகரம். அதனால் என் பெட்டிகள் எல்லாவற்றிலும் மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் நகை பூட்டிய மணப்பெண்ணின் கண்ணோ, மூக்கோ, வளையல் போட்ட கையோ இருக்கும். சேசடிமையின் பெட்டிக்குப் பாதி வாய் அமைந்தது. சிரிக்கிற வாய்.

விளிம்பு முழுக்கப் பழைய டியூப் ரப்பரை ஒட்டினேன். உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பஞ்சு வைத்தேன், அடியிலும் நாலு பக்கமும். யாரும் கேட்காமலே வைத்தேன். ஏன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் கேட்கக் கூடாது பாருங்கள். சொல்லாததையும் புரிந்து செய்கிறவன்தான் நல்ல தொழிலாளி என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

அவர்கள் வண்டி எடுக்க வந்தபோது பெட்டியின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டினேன். திறந்தால் உள்ளே பொட்டு ஈரம் இல்லை. “கடல்ல போட்டாலும் வெள்ளம் கேறாது, சத்தியம்” என்றேன். புஷ்பத்தின் முகம் மலர்ந்துபோனது. ஸ்பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, கண் கலங்கி, “நல்லா இருப்பிய அண்ணா” என்று மட்டும் சொன்னார். ஒரு பாட்டில் பெட்டிக்கு இவ்வளவு உருக்கமா என்று எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் மூடியின் நடுவில் துளை போட்டுப் பூட்டை மாட்டினேன். தண்ணீர் கொட்டிக் காட்டியது துளைக்கு முன்னால், துளை போட்டது சத்தியத்துக்குப் பின்னால். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

ஆடி மாசத்து மழையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பிக்கப் மறுபடி வந்து நின்றது. வண்டி நிற்பதற்குள் புஷ்பம் குதித்து இறங்கினார். தலைமுடியைக்கூட முடியவில்லை.

“அண்ணா, பூட்டு திறக்கமாட்டேங்குது. வேகம் வாருங்க!”

போய்ப் பார்த்தேன். உப்பு ஈரத்தில் பூட்டு இறுகித் துருப்பிடித்திருந்தது. சீட் சொதசொதவென்று இருந்தது. கரையில் மீன் ஏற்றி நனைந்த துணியோடு ஆள்கள் ஏறி உட்காருகிறார்கள், கூடை அதிகமானால் ஐஸோடு ஒரு கூடையைச் சீட்டிலேயே வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் சீட்டைக் கடந்து கீழே வடிந்திருக்கிறது. வண்டியைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். பெட்டிக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது.

நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். “உடஞ்சு போச்சா?”

புஷ்பம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “என்னது உடயதுக்கு? ஆதாரமாக்கும் உள்ள இருக்கு. எங்க வீட்டு ஆதாரம்.”

ஆதாரம் என்றால் நம் ஊரில் நிலப் பத்திரம். சேசடிமைதான் நிதானமாக விளக்கினார். கடல் கேறி ஊருக்குள் வருகிற காலத்தில் அவர்கள் கரையில் முதலில் செய்கிற வேலை வண்டியை மேட்டு ரோட்டில் ஏற்றுவது. வீடு போனாலும் வண்டி தப்பும். அதனால் மழைக்காலம் தொடங்கினால் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் வண்டிக்குள் வந்துவிடும். அந்தக் கரையில் வண்டி வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

“இந்த மட்டம் கடல் வீட்டுக்க பாதியக் கொண்டுபோயிட்டு. நாங்க இப்பம் இவளுக்க தங்கச்சி வீட்டுல கெடக்கோம். வீடு போனவங்களுக்கு வேற எடத்துல வீடு குடுக்க லிஸ்ட் எடுக்காவ. பஞ்சாயத்து ஹால்ல இண்ணு கடைசி நாளு. நாலு மணிக்கு மூடிருவாவ. ஒரிஜினல் ஆதாரம் காட்டணும். இல்லேண்ணா பேரு கேறாது.”

மணி எட்டேகால். நான் செய்த வேலைதான் எனக்குத் தெரியுமே. மேலே துளை, சுற்றிலும் ரப்பர், அடியில் ஒரு வழியும் இல்லை. உள்ளே போகிற தண்ணீர் போகும், வெளியே வராது. வாளித் தண்ணீரைத் தடுத்த என் திறமை அத்தனையும் இப்போது உப்புத் தண்ணீரைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. வேலை தெரியாத எவனாவது செய்த பெட்டியாக இருந்தால் நாலு மூலையிலும் ஒழுகியிருக்கும். பத்திரம் தப்பியிருக்கும்.

என் கை தானாகக் கிரைண்டருக்குப் போனது. மூடியை அறுத்துத் தூக்கிவிடலாம் என்று. இதை நன்றாகக் கேளுங்கள். பதறும்போது கை, தனக்குப் பழகிய ஆயுதத்தைத்தான் தேடும். அதுதான் தேவையா என்று கேட்காது.

புஷ்பம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மேல வெட்டினா எல்லாம் வெள்ளத்துல குலுங்கிக் கிழிஞ்சிரும். மொதல்ல வெள்ளத்தக் கீழ எறக்குங்க அண்ணா. பைய.”

அவர் சொன்னது சரி. ஆனால் அடியிலிருந்து துளை போட்டால் துரப்பண முனை காகிதத்தைக் குத்திவிடும். அப்போதுதான் நினைவு வந்தது. அடியில் இரண்டு விரல் ஸ்பஞ்சு இருக்கிறது. பாட்டிலுக்காக நான் வைத்த ஸ்பஞ்சு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கையால் சுற்றுகிற பழைய துரப்பணத்தை எடுத்து, முனையில் ஒரு விரல் அளவுக்கு மேல் போகாதபடி துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்லச் சுற்றினேன். தகரம் விட்டதும் மீன் நாற்றத்தோடு உப்புத் தண்ணீர் என் மூஞ்சியில் கொட்டியது. வாயிலும் போனது. அந்த நேரத்தில் அது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பூட்டைத் தட்டி எடுத்து மூடியைத் திறந்தேன். பாதி வாய்க்காரி சிரித்தாள். உள்ளே ஊறிய ஸ்பஞ்சின் மேல் ஒரு பொதி, அதற்குள்ளே பத்திரம். ரேஷன் கார்டும் சர்டிபிகேட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்ததால் தப்பின. பத்திரத்துக்கு மட்டும் ஒரு துணிதான் சுற்றியிருந்தது.

“இத ஏன் கவர்ல போடல்ல?” என்று கேட்டேன். மிகத் தாமதமாகக் கேட்க ஆரம்பித்திருந்தேன்.

“கவர்லதான் வச்சிருந்தேன். மாசக்கணக்குல கவருக்குள்ள கெடந்தா வேர்க்கும் எண்ணு பயம். அண்ணன் வெள்ளம் கேறாது எண்ணு சத்தியம் செய்தியளே. அதான் கவரக் களஞ்சிட்டுத் துணியில பொதிஞ்சேன்.” அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. “ஆதாரத்துக்கு மெத்த போட்டுத் தந்திருக்காரே, எவ்வளவு நல்ல மனசு எண்ணு இவருகிட்ட ஒரு வாரம் சொல்லிட்டு நடந்தேன்.”

மெத்தை எதற்கு என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. காகிதத்தைக் கறையான் அரிக்காமல், மழை நனைக்காமல் காப்பாற்றித்தான் அந்தக் குடும்பம் சோறு தின்றது. நான் ஒருவன்தான் சுத்தியல் எடுத்தேன். எங்கள் அப்பா என்னைத் தண்ணீர் தெளித்து விட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பத்திரம் ஏழெட்டுத் தாள், நூல் போட்டுத் தைத்தது. ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டு கிடந்தது. என் கை மறுபடியும் ஆயுதம் தேடியது. ரெக்சின் இழுக்கச் சூட்டுக் காற்று அடிக்கிற துப்பாக்கி இருக்கிறதே, அதை எடுத்துவிட்டேன். அஞ்சு நிமிஷத்தில் காய வைத்துவிடலாம்.

“அத அங்ஙன வையுங்க” என்றார் புஷ்பம். அதட்டலாகவே சொன்னார். “சூடு காட்டினா மீனு மேல காஞ்சிரும், உள்ள அழுகும். தாளும் அப்படித்தான், சுருண்டு ஒட்டிரும். நெழலும் காத்தும் போரும். வலை உண்டா?”

வண்டியிலேயே மீன் மூடுகிற வலை இருந்தது. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே இழுத்துக் கட்டினோம். முதலில் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, பத்திரத்தை அதில் மெல்ல முக்கி உப்பை எடுத்தார். எனக்கு உயிர் போனது. நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று கேட்டேன். “உப்பு இருந்தா காயவே காயாது” என்றார். பிறகு ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து நுனியைச் சீவி, தாள்களுக்கு இடையே விட்டு, நெத்திலியின் முள்ளை உருவுகிற பக்குவத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேஜை ஃபேனைத் தாளுக்கு நேராக வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார். கால் மணிக்கு ஒருமுறை தாளைப் புரட்டிப் போட்டார். சேசடிமை வாசலில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் என் கடையில் அன்றைக்கு எடுபிடி.

காகிதத்தைக் காப்பாற்றிய வம்சத்துக்காரன் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நிற்க, மீன் காயப்போடுகிறவர் பத்திரத்தைக் காப்பாற்றினார்.

இரண்டு மணிக்குத் தாள்கள் ஒருவாறு காய்ந்தன. சர்வே நம்பர் தெரிந்தது. பேர் தெரிந்தது. முத்திரை பரவியிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. எல்லை எழுதிய தாளில் மூன்று பக்கத்து எல்லையும் வாசிக்க முடிந்தது. நாலாவது, மேற்கு எல்லை, முழுக்க அழிந்து நீலமாக இருந்தது. “அது போட்டும். மேற்க கடலாக்கும். இப்பமும் அதுதானே இருக்கு” என்றார் சேசடிமை. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அதிகாரியிடம் என் தப்பை நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். குமாஸ்தா வீட்டுப் பையன், அரசாங்க மலையாளம் எனக்குச் சுத்தமாக வரும். வழி முழுக்க மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். எவ்வளவு கண்ணியமான வாக்குமூலம், கேட்டால் நீங்களே அழுதிருப்பீர்கள்.

பஞ்சாயத்து ஹாலில் வரிசை நீண்டு கிடந்தது. எங்கள் முறை வந்தபோது மூன்றரை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பத்திரத்தை வாங்கினார், திருப்பினார், மூக்கைச் சுளித்தார்.

“இதெந்தா இங்ஙனெ? இது எவிடெயா வெச்சிருந்நது?” எங்கே வைத்திருந்தீர்கள் என்கிறார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். புஷ்பம் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

“கடல் கேறி, மேடம்” என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் புஷ்பத்தைப் பார்த்தார், அழிந்த மேற்கு எல்லையைப் பார்த்தார், பத்திரத்தை இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் குறிப்பு எழுதுகிற இடத்தில் கடல்நீரால் சேதம் என்று எழுதி, பெயரைப் பதிந்து, சீல் வைத்தார். என்னைப் பார்த்து, “நிங்ஙள் ஆரா?” என்றார்.

இவ்வளவு நேரம் ஒப்பித்து வைத்ததெல்லாம் இரண்டே வார்த்தையாகச் சுருங்கியது. “வண்டி வேலைக்காரன்” என்றேன்.

“எந்நால் வண்டி நோக்கிக்கோ” என்று, போய் வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் புஷ்பம், “நான் என்ன பொய்யா சொன்னேன்? கடல் வெள்ளந்தானே? வீட்டுல கேறாம வண்டியில கேறிச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். சேசடிமை விழுந்து விழுந்து சிரித்தார். என் பிழையை மொத்தமாகக் கடலின் தலையில் கட்டிவிட்டார்கள். பாவம், அந்த வருஷம் அது செய்த அக்கிரமத்தோடு இதுவும் ஒன்று.

அத்தோடு நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லை மரியாதைப்படி அதுதான் சரி. ஆனால் திரும்பும் வழியில், ஈரச் சீட்டில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னால் முடியவில்லை.

“அந்த ஸ்பஞ்சு ஆதாரத்துக்கு வச்சதில்ல. பாட்டில் முட்டாம இருக்க வச்சது. நீங்க பாட்டில் கடத்துவிய எண்ணு நான் நெனச்சேன்” என்றேன்.

சேசடிமைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாட்டிலா! அண்ணா, நான் குடிக்கவே மாட்டேன். டீல சீனி கூடினாலே இவ கண்ண உருட்டுவா.”

புஷ்பம் சிரிக்கவில்லை.

“மீன் வண்டி எண்ணு அப்படி நெனச்சியளா அண்ணா?” என்று கேட்டார். “ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அந்த மாதம்தான் நெய்யாற்றின்கரையில் இருக்கிற என் சொந்தக்காரர் ஒருவருக்கும் பூட்டுத் தெரியாத பெட்டி செய்து கொடுத்திருந்தேன். அவரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் பெட்டியில் ஸ்பஞ்சு வைக்கவில்லை. அவர் ஏதாவது முக்கியமான பேப்பர் வைப்பார் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். கேட்காமல் இருப்பது மரியாதை என்று முப்பது வருஷம் நம்பினேன். கேட்காத இடத்தில் எல்லாம் நானே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு என்ன பதில் என்பது அவர் வருகிற வண்டியைப் பார்த்து, அவர் மேல் வீசுகிற வாசனையைப் பார்த்து. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் வேறு எதிலும் பட்டதில்லை.

தொழில் சொல்லிக்கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் அவருக்கு எப்படியோ. நான் அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். “உள்ள என்ன வைப்பிய?” என்று கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் மாறும். ஒருவர், “ஏன், நீரு போலீசா?” என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். அவர் என்ன வைக்க இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகட்டும். மீதிப் பேர் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கு நம்பிக்கை வராது. ஒருவர் அம்மாவின் மாத்திரைகள் என்றார். ஒருவர் தேர்வுக்குப் படிக்கிற புத்தகம், வீட்டில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்றார். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் தின்கிற மிக்சர். சில பேர் உண்மையிலேயே பாட்டில்தான் சொன்னார்கள், கூச்சமே இல்லாமல். அவர்களுக்கும் எனக்கும் என்ன பேச்சு நடந்தது என்பது இங்கே வேண்டாம்.

எந்தப் பெட்டி ஆனாலும் அடியில் நாலு மூலையிலும் துளை போட்டேன். வாளித் தண்ணீர் கொட்டிக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். சத்தியம் செய்வதையும்.

இரண்டு மழைக்காலம் கழித்து சேசடிமையின் பிக்கப் வந்தது. சீட்டுக்குப் புது ரெக்சின் போட வேண்டும் என்றார். பழைய பெட்டி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பாதி வாய்க்காரிக்கு ஒரு பல்லும் மிச்சம் இல்லை.

“புதுசா ஒண்ணு வச்சிருங்க அண்ணா” என்றார் புஷ்பம்.

இந்தத் தடவை நான் விடவில்லை. அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே, கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். “உள்ள என்னத்த வைப்பிய?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நாளாகப் பெட்டி செய்கிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

“ஜாக்கி” என்றார். “பின்ன ஸ்பேனர். வண்டிக்குள்ள வேற என்னத்த வைப்பாவ? பேப்பர் எல்லாம் புது வீட்டுல அலமாரியில இருக்கு.”

நான் ஜாக்கியை வெளியே எடுத்துவரச் சொல்லி, அதன் நீளத்தை அளந்தேன்.